தாசில்தார் எழுந்திருக்கவில்லை

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகம் இருந்தால் என் உள்ளங்கையில் சூடத்தைக் கொளுத்தி வையுங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இரண்டு கட்டியாக வைத்தாலும் சரி.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே தாமரைக் காலனியில், மூன்றாவது மாடியில், சண்முகவடிவு குடியிருந்தாள். சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பது அவள் தொழில். அவள் புருஷன் ஆவுடையப்பன் மாவு திரிக்க மில்லுக்குப் போனவர். சில வருஷங்களாக வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

காணாமல் போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம். பால்கனியில் நின்றால் நன்றாகத் தெரிவார். தெருக்கோடியில், வேப்பமரத்தடியில், தோளில் மாவு டின்னோடு வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருப்பார். நல்ல வீச்சு நடை. அவர் ஓர் அடி வைத்தால் தெரு ஓர் அடி நீண்டுகொள்ளும். அது ஒன்றுதான் கோளாறு.

மற்றவர்களுக்குத் தெரு நீளுவதில்லை. கீரைக்காரி அவரைத் தாண்டி வருவாள், கீரை விற்பாள், அவரைத் தாண்டிப் போவாள். "என்ன அண்ணாச்சி, இன்னும் வரலியா?" என்று கேட்பாள். "வந்துக்கிட்டேதான் இருக்கேன்" என்பார்.

சண்முகவடிவு ஒரு நாள் தானே இறங்கி அவரை நோக்கி நடந்து பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டாள். அவர் அதே தூரத்தில் இருந்தார். கால் வலித்ததால் டவுன் பஸ்ஸில் திரும்பினாள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அவர் கூடவே ஒரு டீக்கடையும் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்குத் தீபாவளி நெருக்கம். முறுக்குக்கு மாவு திரிக்க வேண்டும். மில்லில் கரண்ட் போகப்போகிறது என்று யாரோ படியில் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். ஆவுடையப்பன் டின்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாசலில் நின்று, "போயிட்டு" என்றார். அதற்குள் கால் படியில் இறங்கிவிட்டது. சண்முகவடிவு அடுக்களையில் இருந்தாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவளும் "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிறவர் 'போயிட்டு வாங்க' என்று அனுப்ப வேண்டும். இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆவுடையப்பன் பாதியைச் சொல்லிவிட்டுப் போனார். அதனால் போவது முறையாக நடந்தது. வருவதற்குத்தான் கையில் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"வாரேன், வாரேன்" என்று அவர் தெருவில் நின்று தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார். செல்லவில்லை. வாசலில் சொல்ல வேண்டியதைத் தெருவில் நின்று சொன்னால் எப்படிச் செல்லும்?

அன்று விழுந்துபோன 'வாரேன்' வீட்டில்தான் எங்கோ கிடக்க வேண்டும் என்று காலனி கூடித் தேடியது. செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினார்கள். மாடிப்படியைப் பெருக்கினார்கள். சாக்கடைக்குள் கம்பி விட்டு இழுத்தார்கள். வேறு யாருடையவோ பழைய கொட்டாவி ஒன்று வந்தது. 'வாரேன்' அகப்படவில்லை.

அவர் போன அன்று சாயங்காலமே, தேடத் தொடங்கும் முன்பே, ஒரு பூனை வந்திருந்தது. யாரையும் கேட்காமல் மூன்று மாடி ஏறி, நேராகச் சண்முகவடிவின் வாசலுக்கு வந்து, கால்மிதியில் உட்கார்ந்தது. அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

எதிரே நாலு பேரை நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் அதற்குத் தாசில்தார் என்று பேர் வந்தது. மீன் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொய்யாப்பழம் என்றால் உயிர். பழுத்த மிளகாய் என்றால் அதைவிட உயிர்.

"பூனை மொளவா திங்குமா?" என்றாள் எதிர்வீட்டுப் பேராச்சி.

"வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம்" என்றாள் சண்முகவடிவு.

அவள் வெளியே போகும்போது அதைத் தாண்டிக்கொண்டுதான் போவாள். "தாசில்தாரே, போயிட்டு வாரேன்" என்று மறக்காமல் சொல்லுவாள். ஒரு தடவை பட்டது போதாதா? அது ஒரு கண்ணைத் திறந்து மூடும். திரும்பி வந்தால் அங்கேயே இருக்கும். ராத்திரி கதவைச் சாத்தும்முன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு எந்தச் சேலை, எந்தக் கலர் நூல், யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுவாள். கேட்பதற்கு அதுதான் இருந்தது. ஆவுடையப்பனுக்குக் கத்திச் சொல்ல வேண்டும். சிலதைக் கத்திச் சொல்ல முடியாது.

*

ஒரு நாள் காலை, குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு வந்தது. தண்ணீர் வரவில்லை.

தாமரைக் காலனியில் மோட்டார் கரண்டில் ஓடுவதில்லை. பூனைகளின் குறுகுறுப்பில் ஓடுகிறது. வளர்ப்பவர்கள் மடியில் பூனைகள் அடிவயிற்றிலிருந்து 'குர்ர்' என்று குறுகுறுக்கும். அந்த அதிர்வு சுவரில் இறங்கி, பைப்பில் ஏறி, தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்குத் தள்ளும். கரண்ட் பில் மிச்சம்.

சங்கக் கூட்டம் போட்டார்கள். செக்ரட்டரி பிரமநாயகம் எழுந்து நின்றார். அவர் எப்போதும் இடது பக்கமாகச் சாய்ந்துதான் நிற்பார். அவர் பூனை பாசம் மிகுந்து அவருடைய வலது காலில் முட்டிக்கொண்டே இருந்ததில் ஆளே ஒருபக்கமாக நகர்ந்துவிட்டார். அவருக்கு அதில் பெருமை.

"காலனியில ஏதோ ஒரு பூன பாசமே இல்லாம சும்மா கெடக்கு" என்றார். "அதுக்கும் சேத்து மத்த பூனயெல்லாம் இத்தன வருஷமா இழுத்துக்கிட்டு வந்துச்சு. இனி முடியல, அதான் தண்ணி ஏறல. ஞாயித்துக்கிழம வீடு வீடாச் சோதன. பாசம் இல்லாத பூனயச் சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுருவோம்."

எல்லாரும் அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார்கள். கூட்டம் மொட்டைமாடியில் நடந்ததால் அண்ணாந்தவர்களுக்கு வானம்தான் தெரிந்தது. ஆனாலும் யாரை நினைத்தார்கள் என்பது சண்முகவடிவுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து பால்கனியில் நின்று கையைக் குவித்தாள்.

"இந்தாருங்க! தாசில்தாரக் கொண்டுபோயிருவாங்களாம்!"

"எதுக்கு?" என்று தெருக்கோடியிலிருந்து குரல் வந்தது.

"பாசம் இல்லியாம்!"

"யாருக்கு?"

"பூனைக்கு!"

ஆவுடையப்பன் நடந்துகொண்டே யோசித்தார். "அது என்னைக்கு வந்துச்சு?"

"நீங்க போன அன்னைக்கு!"

"அப்போ எனக்கு அதத் தெரியாதே வடிவு! நான் வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்!"

*

சண்முகவடிவு பேராச்சியிடம் போனாள்.

"அக்கா, ஒங்க பூன எப்படிப் பாசம் காட்டுது? சொல்லிக் குடுங்க."

"எம்பூனயா? பிசையும்" என்றாள் பேராச்சி. "முன்காலு ரெண்டையும் வச்சு, மாவு பிசையுத மாதிரி. மொதல்ல என் வயித்தப் பிசைஞ்சுது. எனக்குக் கூசுது, அங்க போன்னு எங்க வீட்டுக்காரர் மேல விட்டேன். அவரப் பிசைஞ்சு பிசைஞ்சு இப்போ பாரு."

அவள் வீட்டுக்காரர் ஷெல்பில் இருந்தார். நன்றாகப் பதமாக இருந்தார். எந்த இடத்தில் எப்படி வைத்தாலும் அப்படியே இருப்பாராம்.

"கோவமே வாரதில்ல தாயி" என்றாள் பேராச்சி. "காலேல நிமித்தி வச்சா ஆபீஸ் போயிட்டு வந்துருதாரு."

"சௌக்கியமா அண்ணாச்சி?" என்று சண்முகவடிவு ஷெல்பைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கேம்மா" என்றார். குரலும் மெத்தென்று இருந்தது.

சண்முகவடிவு வீட்டுக்குத் திரும்பினாள். கால்மிதிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். "பிசை" என்றாள். தாசில்தார் அவளை ஒரு பார்வை பார்த்தது. பிசையவில்லை.

அடுத்து முதல் மாடி ஞானதிரவியம் சாரிடம் போனாள். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எம்பூன தெனம் ஒண்ணு கொண்டுவந்து போடும்மா" என்றார். "நமக்கு வேட்டையாடத் தெரியாதுன்னு அதுக்கு ஒரு எரக்கம். மொதல்ல பல்லி. பொறவு கரப்பான். நான் அதத் தூக்கிப் போட்டதப் பாத்துட்டு, இவனுக்கு இது ஒத்துக்கல போலன்னு மாத்திக்கிட்டு. நான் தொலச்சதாத் தேடிக் கொண்டுவர ஆரம்பிச்சுட்டு. ஆறாங்கிளாஸ்ல தொலச்ச காம்பஸ் வந்துச்சு. மாயவரத்துல ரயில்ல விட்ட குட வந்துச்சு. போன வாரம் என்னப் படிப்பிச்ச டிரில் மாஸ்டரையே பின்கழுத்தக் கவ்வித் தூக்கிட்டு வந்து பாயில போட்டுட்டு."

"அய்யய்யோ. அவரு என்ன சொன்னாரு?"

"அட்டென்ஷன்னாரு. நின்னேன். காப்பி குடிச்சாரு. போயிட்டு வாரேன்டான்னு மொறையாச் சொல்லிட்டுப் போனாரு. அதனால மறுபடி எப்பவேணும்னாலும் வரலாம். அதான் பயமா இருக்கு."

சண்முகவடிவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "சார், ஒங்க பூனய ஒரு நாளைக்குக் குடுங்களேன். எங்க வீட்டுக்காரரக் கவ்விக் கொண்டாந்துரட்டும்."

சார் தலையை ஆட்டினார். "நானே யோசிச்சு அனுப்பிப் பாத்துட்டேன். அது திரும்பி வந்து சொல்லிட்டு, அவரு தொலைஞ்சவர் லிஸ்டுல இல்லையாம். வந்துக்கிட்டு இருக்கவரக் கவ்வ அதுக்கு அதிகாரம் கெடயாதாம்."

கீழ்த்தளத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் பூனை சுவர்க்கடிகாரமாகிவிட்டது. வீட்டில் உள்ளவர் வாசல்படி ஏறும்போது மட்டும் மணி அடிக்கும். மற்ற நேரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு தொங்கும். மணி பார்க்க உதவாது என்றாலும் ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள் என்று சந்தோஷப்பட ஒரு கடிகாரம் இருப்பது லேசான காரியமா?

சண்முகவடிவு அன்று முழுக்கத் தாசில்தாரிடம் மன்றாடினாள். முழங்காலை நீட்டினாள், அது முட்டவில்லை. தலைமயிரை அவிழ்த்து முன்னால் போட்டாள், நக்கவில்லை. நாலு மிளகாய்ப்பழத்தை வைத்து, "எதையாவது கொண்டு வந்து போடு, ஒரு எறும்பு போதும்" என்றாள். அது மிளகாயைத் தின்றது. எழுந்திருக்கவில்லை.

"சவமே!" என்றாள் சண்முகவடிவு. "ஒனக்குப் போட்ட சோறெல்லாம் தண்டம். இம்புட்டு நாளும் சுவத்துக்கிட்டயா பேசிக்கிட்டு இருந்தேன்?"

கொஞ்ச நேரம் கழித்து, "கோவிச்சுக்காத" என்றாள். அதன் முதுகைத் தடவினாள். "சாக்குல மூச்சு முட்டுமே ஒனக்கு. அதான்."

தாசில்தார் அவளைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடியது. மெதுவாகத் திறந்தது. தூக்கம் வருகிறது போல என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி பிரமநாயகம் இரண்டு கமிட்டி ஆட்களோடும் ஒரு சாக்கோடும் கிளம்பினார். கையில் எலக்ட்ரீசியன் டெஸ்டர் வைத்திருந்தார். ஸ்விட்சில் கரண்ட் இருக்கிறதா என்று குத்திப் பார்ப்பார்களே, அதேதான். பூனையின் நெற்றியில் வைத்தால், பாசம் இருந்தால் பல்பு எரியும்.

கடிகாரப் பூனைக்கு எரிந்தது. ஞானதிரவியம் சாரின் பூனைக்கு எரிந்தது. அது அன்றைக்கு அவருடைய கல்யாணத்துக்கு வராமல் போன மாமா ஒருத்தரைக் கொண்டுவந்து போட்டிருந்தது. மாமா சோதனை முடியும்வரை பாயில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

பதவியில் இருப்பவர்கள் ஏறினால் மாடிப்படி நீளும். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் கமிட்டிக்குப் பசித்துவிட்டது. அங்கே ஓர் ஓட்டல் இருந்தது. மூன்று பேரும் தோசை தின்றுவிட்டு மேலே வந்தார்கள்.

பேராச்சியின் பூனைக்கு டெஸ்டரை வைக்கும் முன்பே எரிந்தது. ஷெல்பிலிருந்து அவள் வீட்டுக்காரர் கை தட்டினார். சத்தம் வரவில்லை.

பிறகு எல்லாரும் திரும்பிச் சண்முகவடிவின் வாசலில் நின்றார்கள். தாசில்தார் உட்கார்ந்திருந்தது.

செக்ரட்டரி குனிந்தார். நெற்றியில் வைத்தார். எரியவில்லை. மூக்கில் வைத்தார். எரியவில்லை. வால் நுனி வரை ஓர் இடம் விடாமல் வைத்துப் பார்த்தார்.

"எரியல" என்றார். "முடிஞ்சுது."

"டெஸ்டர் கெட்டுப்போயிருக்கும் அண்ணாச்சி" என்றாள் சண்முகவடிவு. "திரும்ப வைங்க." அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததில் டெஸ்டர் நுனி அவள் மணிக்கட்டில் பட்டது.

பல்பு எரிந்தது. சாதாரணமாக எரியவில்லை. மாடிப்படி இருட்டு முழுக்க மஞ்சளாயிற்று. கமிட்டி ஆட்கள் கண்ணை இடுக்கிக்கொண்டார்கள்.

"நீங்க எரியுதிய" என்றார் செக்ரட்டரி. "பூன எரியலயே."

"எங்கிட்ட இம்புட்டு இருக்குல்லா? ரெண்டு பேருக்கும் இதப் போட்டுக்கிடுங்க."

"ஒரு பக்கத்துப் பாசத்துல தண்ணி ஏறாதும்மா. நான் என்ன செய்ய? கீழ கைக்கொழந்த இருக்கு. நேத்துலேருந்து துணி அலசத் தண்ணி இல்ல."

அது சண்முகவடிவுக்கும் தெரியும். அந்தக் குழந்தையின் துணிகளைக் காலையில் அவள்தான் தன் குடத்துத் தண்ணீரில் அலசிக் கொடுத்திருந்தாள்.

ஒரு கமிட்டி ஆள் தாசில்தாரைத் தூக்கப் போனார். முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். செக்ரட்டரியும் கை கொடுத்தார். கட்டடம் கொஞ்சம் அசைந்தது. பூனை அசையவில்லை.

"எதையோ புடிச்சுக்கிட்டுல்லா இருக்கு" என்றார் ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"வளத்தவங்க சொன்னா எந்திரிக்கும்" என்றார் செக்ரட்டரி. "நீங்களே ஒங்க வாயால போன்னு சொல்லிருங்கம்மா. வேற வழியில்ல."

சண்முகவடிவு பால்கனிக்குப் போனாள். கையைக் குவித்தாள்.

"இந்தாருங்க! கொண்டுபோகப் போறாங்க! அதப் போன்னு என்னச் சொல்லச் சொல்லுதாங்க!"

தெருக்கோடியில் நடை நிற்கவில்லை. ஆனால் வேகம் குறைந்தது. கூட வந்த டீக்கடையும் வேகத்தைக் குறைத்தது.

"வடிவு!" என்று ஆவுடையப்பன் கத்தினார். "சும்மா போன்னு மட்டும் சொல்லாத! கேட்டுதா? நான் படுதபாடு அந்த வாயில்லாச் சீவனுக்கு வேண்டாம்! ஒழுங்கா முழுசாச் சொல்லி அனுப்பு!"

அவள் வாசலுக்கு வந்தாள். சாக்கை வாங்கி உதறினாள். உள்ளே தூசி இருக்கிறதா என்று பார்த்தாள். தன் பழைய சேலை ஒன்றை மடித்து அடியில் விரித்தாள். வழிக்கு ஒரு கொய்யாப்பழமும் ஒரு கை மிளகாய்ப்பழமும் போட்டாள். பிறகு கால்மிதிக்கு எதிரே, பூனையின் முகத்துக்கு நேராக முகம் வருகிற மாதிரி தரையில் உட்கார்ந்தாள்.

தாசில்தார் அவளைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடியது. மெதுவாகத் திறந்தது.

"தூங்குது" என்றார் கமிட்டி ஆள்.

"தூங்கலவே" என்றாள் பேராச்சி, அவள் வாசலில் இருந்தபடியே. "அது வடிவக் கும்பிடுது. பூன கும்பிட்டா அப்படித்தான். ஏட்டி, நீயும் திரும்பச் செய்யி. மரியாத தெரியாதா?"

இத்தனை வருஷமாக அது தினமும் அப்படிச் செய்துகொண்டிருந்தது சண்முகவடிவுக்கு நினைவு வந்தது. ஒரு தடவைகூட அவள் பதில் சொன்னதில்லை. அவள் மெதுவாகக் கண்ணை மூடினாள். மெதுவாகத் திறந்தாள்.

பிறகு அதன் தலையில் கை வைத்துச் சொன்னாள்.

"போயிட்டு வா, ராசா."

வாசலில் வைத்து, முறையாக, மிக்ஸி ஓடாத வீட்டிலிருந்து சொன்னாள்.

"வாரேன்" என்று பதில் வந்தது.

அது ஆவுடையப்பனின் குரல். அன்றைய அவசரம் அதில் அப்படியே இருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. டின்னைத் தோளில் ஏற்றும்போது வருகிற முக்கலும் இருந்தது. ஆனால் தெருவிலிருந்து வரவில்லை. பூனைக்கு அடியிலிருந்து வந்தது.

தாசில்தார் எழுந்தது. முன்னங்காலை நீட்டி ஒரு முறை, பின்னங்காலை நீட்டி ஒரு முறை சோம்பல் முறித்தது. டியூட்டி முடிந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவன் மாதிரி ஓரமாக நகர்ந்து நின்றது.

கால்மிதியில் அது உட்கார்ந்திருந்த இடம் ஒரு வட்டமாக இருந்தது. சண்முகவடிவு கை வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் இறக்கிய இட்லி மாதிரி சூடாக இருந்தது. ஒரு சொல் ஆறிப்போகாமல் இருக்க எவ்வளவு சூடு வேண்டுமோ அவ்வளவு சூடு.

"எல்லா எடத்துலயும் தேடினோமே" என்றாள் பேராச்சி. "பூனைக்கு அடியில பாக்கலயே."

"தூங்குத பூனய எழுப்ப யாருக்கு மனசு வரும்?" என்றார் செக்ரட்டரி. அவர் கையிலிருந்த டெஸ்டர் எதிலும் படாமலே எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டார். பை எரிந்தது. அதாவது வெளிச்சமாக எரிந்தது.

தாசில்தார் குறுகுறுக்க ஆரம்பித்தது. இத்தனை வருஷம் அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. மூன்றாவது மாடி அதிர்ந்தது. பேராச்சியின் வீட்டுக்காரர் ஷெல்பிலிருந்து வழுக்கி இறங்கிச் சொந்தக் காலில் நின்றார். எல்லா வீட்டுக் குழாய்களும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. மொட்டைமாடித் தொட்டி நிறைந்து வழிந்தது. கீழே குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

யாரோ பால்கனியிலிருந்து, "தெருவப் பாருங்க!" என்றார்கள்.

தெரு சுருண்டுகொண்டிருந்தது. விடிந்ததும் பாயைச் சுருட்டுவோமே, அந்த மாதிரி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. இத்தனை வருஷமும் அவருக்காக நீண்டது முழுக்கச் சுருண்டு, காலனி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுருளாக நின்றது. வேப்பமரம் கேட்டுக்கு எதிரே வந்துவிட்டது. டீக்கடைக்காரர் இறங்கி, "அப்போ இங்கனயே போட்டுக்கிடட்டுமா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டார்.

கீழ்த்தளத்தில் கடிகாரப் பூனை அடித்தது. தன் வீட்டு ஆள் இல்லாத ஒருவருக்காக அது அடித்தது அதுதான் முதல் தடவை.

படியில் காலடி கேட்டது. கமிட்டிக்கு அவ்வளவு நீண்ட படி இவருக்கு நீளவே இல்லை. ஆவுடையப்பன் தோளில் டின்னோடு வந்து வாசலில் நின்றார். காதோரம் நரை ஏறியிருந்தது. செருப்பு தேய்ந்து வார் மட்டும் இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் பார்த்து ரொம்ப நாளாயிற்று இல்லையா?  இனிக் கத்தத் தேவையில்லை.

"மில்லுல கூட்டம்" என்றார் ஆவுடையப்பன்.

"தெரியும்" என்றாள் சண்முகவடிவு.

"மிக்ஸிய அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்."

அவர் டின்னை இறக்கினார். பேராச்சி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். வண்டு இல்லை. மாவு மில்லின் சூட்டோடு இருந்தது.

செக்ரட்டரி சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பாசத்துல இப்படி ஒரு தினுசு இருக்குன்னு சங்கத்துக்குத் தெரியாது" என்றார். அது மன்னிப்புக் கேட்பதில் அவருடைய தினுசு. பிறகு கமிட்டியைப் பார்த்து, "இனிமே எந்தப் பூன எதுமேல உக்காந்தாலும் யாரும் எழுப்பக் கூடாது" என்றார். இது இன்றும் சட்டமாக இருக்கிறது. செக்ரட்டரி நாற்காலியில் ஒரு பூனை உட்கார்ந்துவிட்டதால் அவர் பதவிக்காலம் முழுக்க நின்றுகொண்டே இருந்தார். இடது பக்கமாகச் சாய்ந்துதான்.

தாசில்தார் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அதை 'போயிட்டு வா' என்று முறையாக அனுப்பியாயிற்று. போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அது சாக்குக்குள்ளிருந்து விழுந்த கொய்யாப்பழத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போயிற்று. சண்முகவடிவு பால்கனியில் நின்று பார்த்தாள். வேப்பமரம் வரைக்கும் போயிற்று. உச்சிக் கிளையில் உட்கார்ந்து பழத்தைத் தின்றது. ஊரைச் சுற்றிப் பார்த்தது. பாவம், அது வெளியே போய் எத்தனை காலம் ஆகிறது?

விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்தது. கால்மிதியில் உட்காரவில்லை. அங்கே இனி அதற்கு வேலை இல்லை. அடுக்களைக்கு வந்தது. சண்முகவடிவு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். அவள் தோளில் ஏறி உட்கார்ந்து காது மடலை வலிக்காமல் கடித்தது.

"ஏ, கூசுது" என்றாள் அவள். தோளை அசைக்கவில்லை.

ஆவுடையப்பன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த பிறகும் அவர் கால் இரண்டும் நடந்துகொண்டிருந்தன. வலது, இடது, வலது, இடது. அவர் அவற்றைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். சண்முகவடிவு ஒரு தட்டில் முறுக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாவுக் கையை அவர் முழங்காலில் வைத்தாள். கால்கள் யோசித்தன. பிறகு நின்றன.

"சிகரெட் வாங்கணும். கடைக்கு ஒரு எட்டு" என்று ஆரம்பித்தார்.

"போயிட்டு?" என்றாள் அவள்.

"போகல" என்றார் அவர். ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தார். பாதியை அவளுக்குக் கொடுத்தார். தோளில் இருந்தது அதைத் தட்டிப் பறித்துக்கொண்டது.

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். சண்முகவடிவு வளர்த்தது கிளி.